லெஜண்டரி கார்டை வாங்கும் முன் உங்கள் டெக்கை எண்ணிப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலர் மவுஸ் பழகியதே சாலிட்டேர் ஆட்டத்தில்தான். கருப்பின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் கருப்பு என்று இழுத்து இழுத்துப் போட்டு கை பழகியது. அந்த ஆட்டத்தில் ஒரு நியாயம் இருந்தது. உங்களுக்கும் 52 சீட்டு, எனக்கும் 52 சீட்டு. கடையில் போய் இன்னொரு ராஜா வாங்கி வந்து கட்டில் செருகிக் கொள்ள முடியாது.

இன்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகளில் பிள்ளைகள் ஆடும் சீட்டாட்டம் வேறு ரகம். டிராகன், மந்திரவாதி, பூதம் என்று படம் போட்ட கார்டுகள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. கட்டில் எந்தக் கார்டு இருக்க வேண்டும் என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். கார்டு விற்கும் கடையும் அதே திரையில், ஒரு க்ளிக் தூரத்தில் இருக்கிறது. ஆட்டத்தில் தோற்றவுடன் எல்லோர் கண்ணும் அந்தக் கடைப் பக்கம்தான் போகிறது. அங்கே போவதற்கு முன் உங்கள் கட்டையே ஒரு முறை எண்ணிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தோல்விக்குக் காரணம் நல்ல கார்டு இல்லாதது அல்ல, அணி சேராததுதான் என்பது என் கருத்து. அதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

உதாரணத்துக்கு ஹார்த்ஸ்டோன் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். பிளிசார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்டது. பேட்டில்.நெட் மென்பொருளை டவுன்லோட் செய்து நிறுவினால் இலவசமாகவே ஆடலாம். இன்டர்நெட் இணைப்பு எப்போதும் தேவை. எதிரில் ஆடுபவர் எங்கோ இருக்கும் நிஜ மனிதர்.

விதிகள் சுலபம். உங்கள் கட்டில், அதாவது டெக்கில், 30 கார்டுகள். ஒரே கார்டை இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். லெஜண்டரி எனப்படும் ஆரஞ்சு நிறக் கல் பதித்த கார்டு என்றால் ஒன்றுதான். உங்கள் நாயகனுக்கு 30 உயிர்ப் புள்ளிகள். எதிராளியின் 30-ஐ முதலில் பூஜ்யம் ஆக்குபவர் வென்றார். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு விலை உண்டு. அதை மானா என்கிறார்கள். முதல் சுற்றில் 1 மானா, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3 என்று ஏறிக்கொண்டே போய் 10-ல் நிற்கும். ஒரு சுற்றில் செலவழிக்காத மானா அடுத்த சுற்றுக்கு வராது. ரயிலில் காலியாகப் போன இருக்கை மாதிரி, போனது போனதுதான்.

இந்தக் கடைசி விதியைத்தான் புதியவர்கள் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் ஏதாவது சந்தேகம் என்றால் என்னிடம் வருவான். ஒரு நாள் சந்தேகம் கேட்கவில்லை, சிபாரிசு கேட்டான். "அங்கிள், இன்னும் ரெண்டு லெஜண்டரி வந்தா போதும், ஜெயிச்சிடுவேன். அப்பாகிட்ட நீங்க சொல்லுங்களேன்." டெக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். கண்ணைப் பறித்தது! 7 மானாவுக்கு மேல் விலை உள்ள கார்டுகள் மட்டும் 11. டிராகன்களாகவே அடுக்கி வைத்திருந்தான். 1 மானாவில் ஒன்றுகூட இல்லை, 2 மானாவில் இரண்டே இரண்டு.

அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். முதல் ஐந்து சுற்றுகளில் கிடைக்கும் மொத்த மானா 1, 2, 3, 4, 5 கூட்டினால் 15. முதல் மூன்று சுற்றில் இறக்க எதுவும் இல்லாமல் சும்மா இருந்தால் 6 மானா வீண். 15-ல் 6 என்றால் 40 சதவீதம். எதிராளி முழுச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறார், நீங்கள் அறுபது சதவீதச் சம்பளத்தில் நடத்துகிறீர்கள். டிராகன் இறங்கும் நேரத்தில் உங்கள் நாயகன் ஏறக்குறைய செத்திருப்பான்.

சும்மா இருக்க வேண்டி வருமா என்பதற்கும் கணக்கு உண்டு. முதலில் ஆடுபவருக்குத் தொடக்கத்தில் 3 கார்டு, பிறகு சுற்றுக்கு ஒன்று. ஆக இரண்டாவது சுற்றுக்குள் 5 கார்டுகளைப் பார்த்திருப்பார். டெக்கில் மலிவான கார்டுகள் இரண்டே இருந்தால், அந்த ஐந்தில் ஒன்றாவது வந்திருக்கும் வாய்ப்பு 31 சதவீதம். பத்து ஆட்டத்தில் ஏழில் பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். மலிவுக் கார்டுகளை நான்காக்கினால் 54 சதவீதம். ஆறாக்கினால் 70. எட்டாக்கினால் 82. தொடக்கத்தில் வந்த கார்டு பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளவும் விடுகிறார்கள், அதைப் பயன்படுத்தினால் இன்னும் கூடும். (அங்கேயும் ஒரு வேடிக்கை. புதியவர்கள் "நல்ல கார்டு" என்று 9 மானா டிராகனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, 2 மானா கார்டை மாற்றிவிடுவார்கள். நேர் எதிராகச் செய்ய வேண்டும்.)

ஆறு டிராகன்களை எடுத்துவிட்டு, அவனிடம் ஏற்கெனவே இருந்த ஆறு சாதாரணக் கார்டுகளைப் போட்டோம். ஒரு பைசா செலவில்லை. பையன் முகம் சுருங்கித்தான் போனது. அன்று மாலை ஆடியதில் எல்லாவற்றிலும் ஜெயித்தான் என்று கதை விட மாட்டேன். சிலவற்றில் ஜெயித்தான். தோற்றவற்றிலும் ஐந்தாவது சுற்றில் தோற்காமல் ஒன்பதாவது, பத்தாவது வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றான். எங்கே தவறு என்று பார்ப்பதற்கு ஆட்டம் என்று ஒன்று நடந்தால்தானே முடியும்!

இப்போது அந்த ஆரஞ்சுக் கல்லுக்கு வருவோம். வேண்டிய கார்டு பாக்கெட்டில் வராவிட்டால் டஸ்ட் எனப்படும் தூளைக் கொடுத்து நேரடியாகவே செய்துகொள்ளலாம். காமன் என்ற சாதாரண ரகம் 40 தூள். ரேர் 100. எபிக் 400. லெஜண்டரி 1600. கவனியுங்கள், டெக்கின் 30 கார்டுகளையும் காமனாகவே செய்துகொண்டால் மொத்தச் செலவு 1200 தூள். ஒரே ஒரு லெஜண்டரியின் விலையில் ஒரு முழு அணியே வந்து, 400 தூள் மிச்சமும் இருக்கிறது.

அப்படி வாங்கிய அந்த ஒரே கார்டு ஆட்டத்தில் கைக்கு வருகிறதா? 10-வது சுற்று வரை ஆட்டம் நீடித்தால் நீங்கள் பார்த்திருப்பது 13 கார்டு. 30-ல் 13 என்றால் 43 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் உங்கள் மாவீரர் கட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருப்பார். சாதாரணக் கார்டை இரண்டு பிரதி வைக்கலாம் என்பதன் அருமை இங்கேதான் தெரியும். 5-வது சுற்றுக்குள் ஒற்றைக் கார்டு வந்திருக்கும் வாய்ப்பு 27 சதவீதம். இரண்டு பிரதி இருந்தால் ஒன்றாவது வந்திருக்கும் வாய்ப்பு 47.

சரி, வந்தே விட்டது, இறக்கியும் விட்டீர்கள். 9 மானா கொடுத்து இறக்கிய டிராகனை, எதிராளி பாலிமார்ப் என்ற மந்திரக் கார்டால் ஒரு செம்மறியாடாக மாற்றிவிடலாம். விளையாட்டு வெளிவந்த நாளில் அதன் விலை 4 மானா. அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த கார்டு. 9 மானா போட்டவர் கையில் ஆடு, 4 மானா போட்டவருக்கு இன்னும் 5 மானா மிச்சம். எதிரியின் பெரிய வீரனைக் காலி செய்ய இப்படி நாலைந்து கார்டாவது ஒரு டெக்கில் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதைப் புதியவர்கள் அறவே மறக்கிறார்கள்.

"அப்படியானால் மலிவுக் கார்டாகப் பார்த்து 30 போட்டால் ஜெயித்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். இல்லை. மலிவாக இருப்பது பாதிதான். ஒன்றுக்கு ஒன்று கை கொடுக்க வேண்டும். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 2015-ல் இந்த விளையாட்டையே கலக்கிய ஒரு டெக். அதில் கிரிம் பேட்ரன் என்று ஒரு கார்டு. 5 மானா, தாக்குதல் 3, உயிர் 3. விலைக்குச் சுமாரான வீரன்தான். ஆனால் அடி வாங்கிச் சாகாமல் பிழைத்தால் தன்னைப் போலவே இன்னொருவனைக் களத்தில் இறக்குவான். அடுத்தது வேர்ல்விண்ட். 1 மானாவில் களத்தில் உள்ள எல்லோருக்கும், நம் ஆட்களுக்கும் சேர்த்தே, 1 அடி கொடுக்கும். தனியாகப் பார்த்தால் "நம் ஆளையே நாம் அடிப்பதா?" என்று ஒதுக்கத் தோன்றும். மூன்றாவது வார்சாங் கமாண்டர். 3 மானா. தாக்குதல் 3 அல்லது அதற்குக் குறைவாக உள்ள நம் வீரர்கள் இறங்கிய சுற்றிலேயே பாயலாம் என்று அனுமதி கொடுக்கும்.

மூன்றையும் ஒரே சுற்றில் போட்டால் 9 மானா. கமாண்டர் இறங்குகிறார், பேட்ரன் இறங்குகிறான், வேர்ல்விண்ட் அடிக்கிறது. பேட்ரன் பிழைத்து இரண்டாகிறான். இருவரும் உடனே எதிரியின் சின்ன வீரர்கள் மேல் பாய்கிறார்கள், திருப்பி அடி வாங்குகிறார்கள், பிழைக்கிறார்கள், மீண்டும் பெருகுகிறார்கள். களமே நிரம்பிவிடும். இதில் லெஜண்டரி ஒன்றும் கிடையாது. வேர்ல்விண்டும் கமாண்டரும் அன்று எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தவை. தொல்லை தாங்காமல் 2015 அக்டோபரில் நிறுவனம் கமாண்டர் கார்டின் சக்தியையே மாற்றி எழுதியது. அதோடு அந்தக் கூட்டணி உடைந்தது. பேட்ரன் கார்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அவன் மறுபடி சுமாரான வீரன் ஆகிவிட்டான். கார்டின் பலம் கார்டுக்குள் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இது கம்ப்யூட்டரோடு பிறந்த ஞானமும் அல்ல. அச்சடித்த கார்டுகளோடு ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய மேஜிக்: தி கேதரிங் 1993-ல் வந்தது. இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாத்தா. 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த போட்டி ஒன்றில் பால் ஸ்லை என்பவர், அயர்ன்கிளா ஆர்க்ஸ் போன்ற யாரும் சீண்டாத மலிவுக் கார்டுகளை அடுக்கி வந்து முன்வரிசையில் இடம் பிடித்தார். டெக்கை வகுத்துக் கொடுத்தவர் ஜே ஷ்னைடர். ஒவ்வொரு சுற்றிலும் கையில் இருக்கும் மானா முழுவதையும் செலவழித்துவிட வேண்டும், அதற்கேற்ற விலைகளில் கார்டு இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. மானா வளைவு என்று இன்று எல்லோரும் பேசுவது அதைத்தான். அந்த மாதிரி டெக்குகளுக்கு ஸ்லை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஹார்த்ஸ்டோனில் உங்கள் வளைவைப் பார்ப்பது சுலபம். கார்டு சேகரிப்புப் பக்கத்தில் டெக்கைத் திறந்து, மேலே அதன் பெயர் மீது மவுஸைக் கொண்டு போங்கள். எந்த விலையில் எத்தனை கார்டு என்று சிறிய பட்டைகளாகத் தெரியும். 2, 3, 4 மானாப் பட்டைகள் உயரமாகவும், 7-க்கு மேல் குட்டையாகவும் இருந்தால் புதியவருக்குப் போதும். இடப்பக்கம் தரையோடு தரையாக இருந்தால் கடைக்குப் போகாதீர்கள், மறுபடி அடுக்குங்கள்.

லெஜண்டரி எல்லாமே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015 நவம்பரில் வந்த ரெனோ ஜாக்சன் ஒரு நல்ல விதிவிலக்கு. டெக்கில் எந்தக் கார்டும் இரண்டு பிரதி இல்லையென்றால் உங்கள் உயிரை முழுதாக நிரப்பிவிடும். அதற்காக 30 கார்டையும் ஒற்றை ஒற்றையாகவே சேர்த்து, தாமதமாக ஜெயிக்கும் புதிய வகை டெக்குகளே உருவாயின. அங்கே லெஜண்டரி அணிக்குத் தலைமை தாங்கியது. மற்ற 29-ம் அதற்காகவே தேர்வானவை. நான் கேட்பதும் அதைத்தான். வாங்கப் போகும் கார்டு எந்த அணிக்குத் தலைமை தாங்கப் போகிறது? பதில் இல்லையென்றால் 1600 தூள் அலங்காரத்துக்குத்தான். பிடிக்கவில்லை என்று பிறகு அதை உடைத்தால் கிடைப்பது 400. முக்கால் பங்கு காற்றில் போச்சு.

கார்டு நிறைய வைத்திருப்பவருக்குச் சாதகமே இல்லையா? இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மேல் மட்டத்தில் ஆடுபவர்களின் டெக்கில் பல லெஜண்டரிகள் இருக்கும். பிரான்ஸ், சில்வர் என்று கீழ்ப் படிகளில் தொடங்கும் புதியவரைத் தோற்கடிப்பது அவை அல்ல என்பதுதான் என் வாதம். 2021 முதல் கோர் என்ற அடிப்படைத் தொகுப்பை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்ள அதுவே போதும்.

அடுத்தவர் டெக்கைக் காப்பி அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. டெக் ஒன்றின் குறியீட்டைக் கன்ட்ரோல்+சி கொடுத்துக் காப்பி செய்துவிட்டு விளையாட்டில் புது டெக் தொடங்கினால், அதுவே கண்டுபிடித்து அடுக்கித் தரும் வசதி 2017 முதல் உண்டு. பெரிய ஆட்டக்காரரின் டெக்கை இப்படி எடுப்பதில் தவறில்லை. சமையல் குறிப்பு பார்த்துச் சமைப்பது போலத்தான். ஆனால் அதில் நம்மிடம் இல்லாத நாலு கார்டுக்குப் பதிலாக நம்மிடம் உள்ள பெரிய கார்டு நாலைச் செருகுவார்கள் பாருங்கள், அங்கேதான் குழம்பு கெட்டுப் போகிறது. 2 மானா கார்டு இல்லையென்றால் இன்னொரு 2 மானா கார்டு, மந்திரம் இல்லையென்றால் அதே வேலை செய்யும் இன்னொரு மந்திரம் என்று பார்த்துப் போடுங்கள்.

பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. பாக்கெட்டில் 5 கார்டு. ஒன்றாவது ரேர் அல்லது அதற்கு மேல் இருக்கும். சீனாவில் 2017-ல் வந்த விதியால் வாய்ப்புகளை வெளியிட வேண்டி வந்தபோது, லெஜண்டரி சராசரியாக 20 பாக்கெட்டுக்கு ஒன்று என்று சொன்னார்கள். எந்த லெஜண்டரி என்பதும் உங்கள் கையில் இல்லை. இன்னொன்று, ஆயுள். 2016 முதல் ஸ்டாண்டர்டு எனப்படும் முக்கியப் பிரிவில் அந்த வருடமும் அதற்கு முந்தைய வருடமும் வந்த கார்டுகளும் அடிப்படைத் தொகுப்பும் மட்டுமே செல்லும். வருடக் கடைசியில் வெளியாகும் தொகுப்பு ஒன்றேகால் வருடத்தில் அங்கிருந்து வெளியேறிவிடும். வைல்டு என்ற பிரிவில் பழையதும் செல்லும் என்றாலும், பிள்ளை கேட்கும் லெஜண்டரி எந்தப் பிரிவுக்கு என்று விசாரியுங்கள். பிறந்த நாளுக்கு ஒரு பாக்கெட் வாங்கித் தருவதை நான் குறை சொல்லவில்லை. கார்டு எண்ணை மட்டும் அந்தக் கணக்கில் சேமித்து வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விடாதீர்கள். ஆட்டத்தில் கிடைக்கும் தங்கத்தில் 100 சேர்த்தாலே ஒரு பாக்கெட் வாங்கலாம். அதற்கு ரூபாய் தேவையில்லை.

கடைசியாக, நானே கடைப்பிடிக்கும் ஒரு பழக்கம். புது டெக் போட்டால் 20 ஆட்டம் ஆடும் வரை அதில் கை வைப்பதில்லை. பக்கத்திலேயே நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆட்டம் முடியும்போது கையில் இறக்காமலேயே தங்கிப் போன கார்டுகளின் பெயரை மட்டும் தட்டி வைப்பேன். ஜெயித்த ஆட்டத்திலும்தான். 20 முடிந்ததும் கன்ட்ரோல்+எஃப் கொடுத்து ஒவ்வொரு பெயராகத் தேடினால் எது எத்தனை தடவை வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் மூன்று பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, அவற்றைவிட மலிவாக மூன்றைப் போட்டு அடுத்த 20-ஐத் தொடங்குங்கள். ஃபைலைச் சேமிக்கும்போது பெயரில் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு தேட வசதியாக இருக்கும்.